மூன்றாம் பக்கத்தில் நின்றுபோன கையேடு

கேள்வி: ஆவடியை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். பெரும்பாலும் பட்டாபிராம், திருநின்றவூர், நேமம், திருமழிசைப் பக்கத்துப் பிள்ளைகள். பாதிப்பேர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்கள். இரண்டாம் பருவத்தில் எண்ணியல் முறைகள் வருகிறது. நியூட்டன்-ராப்சன், சிம்ப்சன் விதி எல்லாவற்றையும் கால்குலேட்டரைத் தட்டித் தட்டியே போடுகிறார்கள். விடை வந்துவிடுகிறது, கணக்கு எதற்கென்று புரிவதில்லை. கணினியில் போட்டுக் காட்டலாம் என்றால் மேட்லேபுக்கு உரிமம் வாங்க எங்கள் துறைக்கு வசதி இல்லை.

எனவே இலவச மென்பொருள் ஒன்றுக்கு நானே தமிழில் தொடக்கநிலைக் கையேடு எழுதத் தொடங்கினேன். மென்பொருளின் வரலாறு, நிறுவும் முறை, சாளரங்களும் பட்டியல்களும், மாறிகளின் வகைகள், அணிகள், வரைபடம் என்று அறுபது பக்கம் வந்திருக்கிறது. வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். "மேடம், எர்ரர் வருது" என்று சொல்லிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். ஆக்டேவ், சைலேப், பைத்தான் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? தமிழில் எழுதுவது சரிதானா? எத்தனை பக்கம் இருக்கலாம்? புத்தகமாக அச்சிடும் எண்ணமும் உண்டு.

— ஒரு கணித விரிவுரையாளர், ஆவடி

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சுருக்கமானது, பிறகு சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் பொருளடக்கத்திலேயே காரணம் தெரிகிறது. வரலாறு, நிறுவுதல், சாளரம், பட்டியல் என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். அது மென்பொருளைப் பற்றிய விவரக்குறிப்பு. உங்கள் மாணவருக்கு மென்பொருள்மேல் எந்த அக்கறையும் கிடையாது, இருக்க வேண்டியதும் இல்லை. அவர் கையில் ஒரு கணக்கு இருந்தால், அதைத் தீர்க்க இது உதவும் என்ற அளவில்தான் திரும்பிப் பார்ப்பார். அறுபது பக்கத்திலும் அந்தக் கணக்கு எங்கே?

இந்த வகை மென்பொருள்களின் பிறப்பே நான் சொல்வதற்குச் சாட்சி. 1970-களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். அணிக் கணக்குகளுக்கென்று லின்பேக், ஐஸ்பேக் என்று அருமையான நிரல்தொகுப்புகள் அப்போதே இருந்தன. ஆனால் அவற்றைத் தொட வேண்டுமென்றால் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதத் தெரிய வேண்டும். தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் கற்காமலே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் எழுதிய சின்னஞ்சிறு கருவிதான் மேட்லேப். அன்று அதில் இருந்த கட்டளைகளும் சார்புகளும் எழுபது சொச்சம்தான். 1984-இல் அது நிறுவனமாகி, வளர்ந்து, இன்று உங்கள் துறையால் வாங்க முடியாத விலைக்கு வந்து நிற்கிறது.

ஆக்டேவ் கதை இன்னும் நெருக்கமானது. விஸ்கான்சினில் ஜேம்ஸ் ராலிங்ஸ், டெக்சாஸில் ஜான் எக்கர்ட் இருவரும் வேதிவினைக் கலன்களின் வடிவமைப்புப் பற்றி இளநிலை மாணவர்களுக்கு ஒரு பாடநூல் எழுதினார்கள். அந்தப் பாடநூலின் கணக்குகளைப் போடத் துணையாக ஒரு மென்பொருள் வேண்டும் என்று 1988 வாக்கில் எழுந்த யோசனைதான் ஆக்டேவ். ஜான் ஈட்டன் 1992-இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கினார், 1994 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வந்தது. பெயரில் இருப்பது இசை அன்று. கடித உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கியே பெரிய கணக்குகளின் விடையை ஏறத்தாழச் சொல்லிவிடக்கூடிய ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயர் அது. இந்த வரலாற்றை ஒரு பத்தியாகச் சுருக்கி, புத்தகத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வேண்டாம்.

முதல் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியை வையுங்கள்.

உங்கள் மாணவர்களில் நேமம், திருமழிசைக்காரர்களுக்கு அந்த ஏரி பக்கத்து வீடு மாதிரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இந்த இரண்டோடு இன்னும் நான்கு எண்களையும் மழைக்காலத்தில் தினசரிகள் விடாமல் போடுகின்றன: இன்றைய நீர்மட்டம், இருப்பு, விநாடிக்கு நீர்வரத்து, வெளியேற்றம். 2015 பெருவெள்ளத்தின்போது, டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது என்ற செய்தியை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இனிக் கேள்வி: அந்த வேகத்தில் திறந்துகொண்டே இருந்து, உள்ளே ஒரு சொட்டும் வராமல் இருந்தால், நிரம்பிய ஏரி எத்தனை நாளில் காலியாகும்?

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக, மாணவர் ஆக்டேவைத் திறந்ததும் தட்ட வேண்டிய முதல் வரி இது:

29000*86400/1000000

விடை 2505.6. அதாவது நாளொன்றுக்கு 2,505.6 மில்லியன் கனஅடி. அடுத்த வரி:

3645/2505.6

விடை 1.4547. ஒன்றரை நாளுக்குள், ஏறத்தாழ 35 மணி நேரத்தில், ஏரி காலி. எந்தச் சாளரத்துக்கு என்ன பெயர், மாறி என்றால் என்ன, எதுவும் தெரியாமலே மாணவர் உருப்படியான ஒரு விடையைப் பெற்றுவிட்டார். இதைக் கால்குலேட்டரிலும் போடலாமே என்று முதல் வரிசையில் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். விநாடிக்கு 5,000, 10,000, 20,000, 29,000 என்று நான்கு விதமாகத் திறந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

[5000 10000 20000 29000]*86400/1000000

நான்கு விடையும் ஒரே வரியில் வந்து விழும்: 432, 864, 1728, 2505.6. அணி என்ற கருத்து இங்கே தானாக உள்ளே வந்துவிட்டது. உங்கள் கையேட்டில் அது ஐந்தாவது அத்தியாயத்தில்தான் வருகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாணவர் அடுத்ததாக என்ன தட்டுவார்? முன்பு 3645-ஐ ஓர் எண்ணால் வகுத்தார். இப்போது நான்கு எண்கள் இருக்கின்றன. அதே பழக்கத்தில்,

3645/[432 864 1728 2505.6]

என்று தட்டுவார். தட்டாதவர் இருக்க முடியாது. அவர் செய்தது முழுக்க நியாயமான காரியம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வரும்: வகுத்தல் குறிக்கு இரண்டு பக்கமும் உள்ளவை அளவில் பொருந்தவில்லை, முதலாவது 1×1, இரண்டாவது 1×4. உங்களிடம் "மேடம், எர்ரர் வருது" என்று சொன்ன பிள்ளை நின்றது இந்த மாதிரி ஓர் இடத்தில்தான். பெரும்பாலான கையேடுகள் இங்கே சரியான வரியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். 3645-க்குப் பின் ஒரு புள்ளி வைத்து அதன் பின் வகுத்தல் குறி போடு, அவ்வளவுதான் என்று. மாணவர் புள்ளியை விட்டுவிடுவார், பிழை வரும், கையேட்டில் அந்தப் பிழையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

என் ஆலோசனை இதுதான்: தவறான வரியை நீங்களே கையேட்டில் அச்சிடுங்கள். அதைத் தட்டச் சொல்லுங்கள். வரும் ஆங்கிலப் பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டு, அதன் கீழே தமிழில் பொருள் சொல்லுங்கள். அணிகளுக்கு வகுத்தல் என்று கணிதத்தில் தனியே ஒரு பொருள் இருப்பதால், மென்பொருள் நம் வரியை அந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறது, நமக்கு வேண்டியதோ ஒவ்வொன்றாக வகுப்பது என்று அரைப் பக்கம் விளக்குங்கள். பிறகு புள்ளியோடு:

3645 ./ [432 864 1728 2505.6]

விடை 8.4375, 4.2188, 2.1094, 1.4547. பிழையை ஒருமுறை கண்ணால் பார்த்து, அதற்குக் காரணம் அறிந்தவர் அடுத்த முறை அதைக் கண்டு புத்தகத்தை மூட மாட்டார். தொடக்கநிலைக் கையேட்டில் பாதிப் பக்கங்கள் பிழைகளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரியாக வருவதைக் காட்ட, மென்பொருளோடு கூடவே வரும் ஆங்கில உதவிக்குறிப்பு போதும்.

நம் ஊருக்கே உரிய பிழைகளும் உண்டு. அவை எந்த அமெரிக்கக் கையேட்டிலும் இருக்காது. பத்து லட்சத்தை நம் பிள்ளைகள் எப்படி எழுதிப் பழகியிருக்கிறார்கள்? 10,00,000. அதே கைப்பழக்கத்தில் முதல் கணக்கைத் தட்டினால்:

29000*86400/10,00,000

ஆக்டேவ் காற்புள்ளியைக் கண்டதும் ஒரு வரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மூன்று விடைகள் வரும்: 250560000, 0, 0. இதில் கொடுமை என்னவென்றால் பிழைச்செய்தி ஒன்றும் வராது. மாணவரின் கண் கடைசி வரியில்தான் இருக்கும். விடை பூச்சியம், ஏரியில் தண்ணீரே வெளியேறவில்லை. பிழைச்செய்தி வந்தாலாவது யாரையாவது கேட்பார். பூச்சியம் வந்தால் அதையே பதிவேட்டில் எழுதிவிடுவார். எண்களுக்குள் காற்புள்ளி கூடாது என்ற ஒரு வரியை மட்டும் எழுதி நகராதீர்கள். இந்த மூன்று விடைகளையும் அச்சிட்டுக் காட்டுங்கள்.

சத்தமில்லாமல் தவறும் இடங்களைத் தேடித் தேடிச் சேருங்கள். sin(30) என்று தட்டினால் பத்தாம் வகுப்பில் படித்த அரை வராது, −0.9880 வரும். மென்பொருளுக்குக் கோணம் என்றால் ரேடியன். [1 - 2] என்று இருபுறமும் இடம் விட்டால் ஓர் எண், −1. அதே கழித்தல் குறியை இரண்டோடு ஒட்டி [1 -2] என்று எழுதினால் இரண்டு எண்கள். 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டால் விடை 0, அதாவது 'இல்லை'. பத்தில் ஒன்றை இரும எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாது என்பதை விளக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. எண்ணியல் முறைகள் பாடத்துக்கு உயிர்நாடியே அந்தப் பிழைதான், ஆனால் பாடத்திட்டத்தில் அது ஒரு மூலையில் கிடக்கிறது.

கணித ஆசிரியராக உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று. இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்க ஆக்டேவில் பின்சாய்வுக்கோடு போதும்:

[2 1; 1 3] \ [5; 10]

விடை 1, 3. கையால் போட்டுச் சரிபார்க்கலாம். இப்போது ஒன்று மற்றொன்றின் இருமடங்காக இருக்கும் சமன்பாடுகளைக் கொடுங்கள்:

[1 2; 2 4] \ [3; 6]

இதற்கு எண்ணற்ற தீர்வுகள் என்று உங்கள் மாணவர் தேர்வில் எழுதுவார். ஆக்டேவ் ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு 0.6, 1.2 என்று ஒரே விடையைக் கொடுக்கும். எண்ணற்ற தீர்வுகளில் ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் இருப்பது அது. கேட்டதற்கு ஏதாவது ஒரு விடை சொல்லியாக வேண்டும் என்பது மென்பொருளின் குணம். விடை வந்துவிட்டதாலேயே கணக்குக்கு அந்த ஒரே தீர்வுதான் என்று ஆகிவிடாது. இந்த இடத்துக்கு மட்டும் கையேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

உங்கள் பாடத்திட்டத்தோடு இதை எப்படிப் பொருத்துவது என்று யோசிப்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி 'புள்ளியியலும் எண்ணியல் முறைகளும்' தாளில் இடைச்செருகல், எண்ணியல் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஏரியை வைத்து இவற்றில் பெரும்பகுதியை நடத்தலாம். ஏரி பாதி உயரம், 12 அடி இருக்கும்போது தண்ணீரும் பாதி, 1,822 மில்லியன் கனஅடி இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது. அடியில் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மாணவர்களே நாளிதழிலிருந்து நீர்மட்டத்தையும் இருப்பையும் குறித்துக்கொண்டு வரட்டும். அந்தப் புள்ளிகளுக்கு இடையில் இருக்கும் மட்டத்துக்கு இருப்பு என்ன என்று கேட்டால் அது இடைச்செருகல். ஒரு நாளில் மணிக்கு மணி மாறும் நீர்வரத்தைக் கூட்டினால் தொகையிடல், சிம்ப்சன் விதி. இருப்பு மாறும் வேகம் என்பது வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தது என்று எழுதினால் வகைக்கெழுச் சமன்பாடு, ஆய்லரும் ருங்கே-குட்டாவும் வந்துவிடுவார்கள். ஐகன் மதிப்புக்கு மட்டும் ஏரியை இழுக்காதீர்கள், ஒட்டாது. அதற்கு வேறு கணக்கு பாருங்கள்.

எழுதி முடித்ததும் யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது? சக பேராசிரியர்களிடம் கொடுத்தால் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பார்கள். மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் நல்ல ஒரு நடைமுறை உண்டு. பத்து நிமிட அளவிலான ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் வசனம் எழுதுவார்கள். துறை அறிந்தவர் அதைப் பார்த்த பிறகு, அந்த மென்பொருளை அறியாத புதியவர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு அடியடியாகச் செய்துபார்ப்பார். அவர் எங்கே தடுக்கினாலும் தவறு அவருடையது அல்ல, வசனத்துடையது. அதன் பிறகுதான் பதிவு. நீங்களும் அப்படியே ஒரு முதலாமாண்டு மாணவியை உட்கார வையுங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள். இந்த மௌனம் ஆசிரியர்களுக்கு மிகக் கடினம், தெரியும். அவர் எந்த வரியில் கையை நிறுத்தினார், எதை இரண்டாம் முறை படித்தார், எங்கே உங்களை நிமிர்ந்து பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவை அவை மட்டுமே.

அதே ஸ்போக்கன் டுடோரியலில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. மும்பை ஐஐடியின் இன்னொரு திட்டமான ஃபாஸியில், பிரபலமான பொறியியல் பாடநூல்களின் தீர்த்துக்காட்டிய கணக்குகளை மாணவர்களே சைலேபில் எழுதிக் கொடுத்த தொகுப்புகள் ஏராளம். உங்கள் மாணவர் படிக்கும் எண்ணியல் முறைகள் நூலுக்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதை மீண்டும் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி உங்கள் மூன்று கேள்விகள். எந்த மென்பொருள் என்றால், உங்கள் வகுப்புக்கு ஆக்டேவ். மேட்லேபின் கட்டளைகளை ஏறத்தாழ அப்படியே ஏற்கும். நாளைக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ வேறெங்கோ ஒரு வடிவமைப்பு அறையில் மேட்லேப் முன்னால் உட்கார நேர்ந்தாலும் உங்கள் மாணவருக்குக் கை பழகியிருக்கும். மின்னியல் துறையினர் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்குப் பெட்டிகளை இணைத்துப் படமாக வரைய வேண்டியிருந்தால் சைலேபில் எக்ஸ்காஸ் இருக்கிறது, அந்த வசதி ஆக்டேவில் இல்லை. பைத்தானை அந்த 2021 ஒழுங்குமுறைப்படி முதல் பருவத்திலேயே படித்துவிடுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் அணியை எழுதவே அதில் தனி நூலகத்தை வரவழைக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் அந்தச் சடங்கு எனக்குப் பிடிப்பதில்லை. மூன்றையும் ஒரே கையேட்டில் போடும் ஆசை மட்டும் வேண்டாம்.

மடிக்கணினி இல்லாதவர்களையும் மறக்காதீர்கள். 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்த அரசு மடிக்கணினித் திட்டத்தால் அண்ணன், அக்கா வாங்கிய கணினி பல வீடுகளில் இன்னும் ஒரு மூலையில் இருக்கும். அதில் பாஸ் லினக்ஸ் இருந்தால் ஆக்டேவை ஏற்றலாம். அதுவும் இல்லாதவர் கைப்பேசி உலாவியிலேயே ஆக்டேவை இயக்கிப் பார்க்க இணையதளங்கள் உள்ளன. அவர்களுக்காக ஒவ்வொரு கட்டளை வரியையும் கைப்பேசித் திரையில் மடங்காத அளவுக்குக் குட்டையாக வையுங்கள். நிறுவும் முறையைத் தனித் தாளாகப் பிரித்துவிடுங்கள். முதலில் காலாவதியாவது அதுதான்.

தமிழில் எழுதுவது சரிதானா என்று 2026-இலும் நாம் கேட்டுக்கொண்டிருப்பது கொஞ்சம் வருத்தம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கிவிட்டது. கணியம் இதழ்க்காரர்கள் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறார்கள். து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்களைப் புரட்டிப் பாருங்கள், விளக்கம் தமிழிலும் கட்டளை ஆங்கிலத்திலும் இடறாமல் ஓடுவது தெரியும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கட்டளைகளை மொழிபெயர்க்காதீர்கள். கணிதச் சொற்களுக்குப் பள்ளிப் பாடநூல் சொற்களையே வையுங்கள், புதிதாக ஆக்க வேண்டாம். ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நிரல் என்றால் அணியின் மேலிருந்து கீழான வரிசை, பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் நிரல் என்றால் கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுதி. உங்கள் கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் மோதும். ஒன்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்றதை 'புரோகிராம்' என்றே எழுதிவிடுங்கள். எந்தத் தமிழாசிரியரும் உங்களைக் கோபிக்க மாட்டார்.

எத்தனை பக்கம் என்பதைப் பக்கத்தால் அளக்காதீர்கள். ஒரு பகுதி, ஓர் ஆய்வக வகுப்பு. மணி அடிப்பதற்குள் ஒரு கணக்குத் தொடங்கி முடிய வேண்டும். அப்படி எட்டு அல்லது ஒன்பது பகுதி எழுத முடிந்தால் ஒரு பருவத்துக்கு அதுவே ஏராளம். உங்கள் அறுபது பக்கத்தில் சாளரங்களும் பட்டியல்களும் போக மிஞ்சுவதைப் பாருங்கள், வேலை பாதி முடிந்திருக்கும்.

அச்சுக்குப் போகும் எண்ணம் இருப்பதால் கடைசியாக இது. கையேட்டை வேர்டில் தட்டச்சு செய்தால், அது உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து நேரான மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், கழித்தல் குறியை நீட்டிவிடும். பார்வைக்கு அழகு. மாணவர் அதைப் படியெடுத்து ஆக்டேவில் ஒட்டினால் பிழை. அந்தத் தானியங்கித் திருத்தத்தை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். வரைபடத்தின் தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆசை வரும். எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் வரலாம், எனவே ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். அச்சகத்தில் முன்கூட்டியே ஒன்றைக் கேளுங்கள்: ஒருங்குறியில் செய்வார்களா, பழைய பாமினி, வானவில் எழுத்துருவிலா? தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டும், பழைய எழுத்துருக்களை விடாத அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பக்கம் வடிவமைப்பவர் ஒரு பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால், அதற்குள் இருக்கும் உங்கள் கட்டளை வரிகள் வாயில் நுழையாத தமிழாகிவிடும். ஆகவே மெய்ப்புப் பார்க்கும்போது தமிழை மட்டும் படிக்காமல், கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையையும் மெய்ப்புத் தாளைப் பார்த்தே தட்டிப் பாருங்கள். எந்தப் பதிப்பு ஆக்டேவில் சரிபார்த்தது என்பதை உள்ளட்டையில் போட மறக்காதீர்கள்.